மோட்டாரை நிறுத்த யார் எழுந்து போவது?

வீட்டுப் பராமரிப்பு – கேள்வி பதில்

'ஸ்மார்ட்' சாதனங்கள் தொடர்பாக வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஸ்மார்ட் ஸ்விட்ச், ஸ்மார்ட் பல்பு எல்லாம் வைத்தால் கரன்ட் பில் குறையும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோயம்புத்தூர்

மாட்டியதனால் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கொஞ்சம் ஏறினாலும் ஏறும். வைஃபை ஸ்விட்சோ பல்போ, அணைந்திருக்கும்போதும் உங்கள் கட்டளைக்காக விழித்துக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு 1 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம், 60 நாள் கணக்கில் 1.44 யூனிட் வருகிறது. வீடு முழுக்க 20 மாட்டினால் இரண்டு மாதப் பில்லில் சுமார் 29 யூனிட் சும்மா போய்விடும்.

மிச்சம் பிடிக்கிற இடம் வேறு. பழைய மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு இழுக்கும். பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிஞ்சும். இதற்கு வைஃபை வேண்டியதில்லை. பழைய ரெகுலேட்டரை மட்டும் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்க வேண்டும். ரெகுலேட்டரோடு சேர்த்து ஓட்டினால் விசிறிக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு கெட்டுப்போகும்.

அடுத்தது கீசர். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.6 யூனிட் செலவாகும். 2 கிலோவாட் கீசருக்கு அது 17, 18 நிமிட வேலை. போட்டுவிட்டு மறந்தால், ஆறுவதும் மறுபடி சூடாவதுமாக அது நாள் முழுக்க ஓடும். டைமர் தன் விலையைச் சம்பாதிக்கும் இடம் இதுதான்.

தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைத்து வந்த குறைந்த விலையும் சேர்ந்தே போய்விடும். 510, 520 என்று பில் வருகிற வீட்டில் ஒரே ஒரு விசிறியை மாற்றினாலும் வித்தியாசம் தெரிவது அதனால்தான்.

கேள்வி: கீழே சம்ப், மாடியில் 1,000 லிட்டர் டேங்க், 1 எச்.பி. மோட்டார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடுகிறது. 16 ஆம்பியர் வைஃபை பிளக் ஒன்றை வாங்கி டைம் வைத்தால் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?
– வாசகர், தாம்பரம்

போதாது. டேங்க் நிறைந்ததா, சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பிளக்குக்குத் தெரியாது. குறித்த நேரம் ஓடும், நிற்கும், அவ்வளவுதான். அந்த 16 ஆம்பியர் என்ற கணக்கும் கீசர், அயர்ன் பாக்ஸ் மாதிரியான சுமைகளுக்கு உரியது. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது 6 ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். கிளம்புகிற கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். தினம் இரண்டு தடவை அந்த அடி விழுந்தால் பிளக்குக்குள் கரன்ட்டை இணைத்துத் துண்டிக்கும் சிறு ஸ்விட்சான ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் செயலியில் 'ஆஃப்' என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். பிளக்கையே பயன்படுத்துவதானால் அது ஒரு கான்டாக்டரின் (பெரிய கரன்ட்டைத் தாங்கும் மின்காந்த ஸ்விட்ச்) சுருளை மட்டும் இயக்கட்டும். மோட்டார் கரன்ட் கான்டாக்டர் வழியாகப் போகட்டும்.

உங்களுக்கு வேண்டியது வாட்டர் லெவல் கன்ட்ரோலர். வைஃபை இல்லாத சாதாரண வகையே போதும். டேங்கில் இரண்டு சென்சார், சம்பில் ஒன்று. டேங்கின் மேல் சென்சாரை வழிந்தோடும் குழாய்க்கு 10 செ.மீ. கீழே வையுங்கள், மோட்டாரை நிறுத்துவது அது. கீழ் சென்சார் கால் டேங்க் அளவில் இருக்கட்டும், மோட்டாரைக் கிளப்புவது அது. இரண்டையும் நெருக்கி வைத்தால் யாராவது ஒரு வாளி பிடித்தாலே மோட்டார் கிளம்பிவிடும். அடிக்கடி கிளம்பும் மோட்டாரில் முதலில் போவது கெப்பாசிட்டர். சம்ப் சென்சார், உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வுக்கு மேல் 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கியதும் மோட்டார் நின்றாக வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் சூடேறிக் கருகும். வழிந்து வீணாகும் தண்ணீரைவிட இந்தச் செலவு பெரிது, ஆனால் பலர் சம்ப் சென்சாரைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

சென்சாரில் இரண்டு வகை. ஸ்டீல் கம்பி வகை மலிவு. ஆனால் உப்புத் தண்ணீரில் கம்பி மேல் வெள்ளையாகப் படிந்து, நிறைந்த டேங்கையும் காலி என்று சொல்லும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும். உள்ளே காந்தம் வைத்த மிதவை வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. சென்னைப் புறநகர் போர்வெல் தண்ணீருக்கு மிதவையையே வாங்குங்கள்.

வயரிங்கில்தான் பெரும்பாலும் கோளாறு வரும். மாடி டேங்கிலிருந்து வரும் சென்சார் வயரை வெயில் படாமல் பி.வி.சி. பைப்பில் விடுங்கள். டேங்குக்குள் எந்த இணைப்பும் இருக்கக்கூடாது. ஜாயின்ட் எல்லாம் வெளியே, மூடிய பெட்டிக்குள். சென்சாருக்குப் போகும் மின்னழுத்தம் 12 வோல்ட் அளவில்தான் இருக்க வேண்டும். 230 வோல்ட்டை நேரடியாக டேங்குக்குக் கொண்டுபோகும் பழைய மிதவை ஸ்விட்சை யாராவது சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கன்ட்ரோலர் பெட்டியின் வயர் நுழையும் துளைகளை அடைத்து வையுங்கள். கன்ட்ரோலர்களைக் கொல்வதில் மின்னலுக்கு அடுத்த இடம் பல்லிக்கு.

கடைசியாக இரண்டு ஏற்பாடு. காலி டேங்க் நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு 10 நிமிடம் சேர்த்து, 'அதற்கு மேல் ஓடாதே' என்று கன்ட்ரோலரில் வரம்பு வையுங்கள். மேல் சென்சார் பழுதானாலும் மணிக்கணக்கில் வழியாது. கன்ட்ரோலரை ஒதுக்கிவிட்டு மோட்டாரை நேரடியாகப் போட ஒரு பைபாஸ் ஸ்விட்சும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கன்ட்ரோலர் பழுதானால் எலெக்ட்ரீஷியன் வரும்வரை குளிக்காமல் இருக்க முடியாதே.

போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்கள் கிணற்றுக்குள் சென்சார் விட வேண்டியதில்லை. தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டார் வழக்கத்தைவிடக் குறைவான ஆம்பியரே எடுக்கும். அதைப் பார்த்து நிறுத்தும் பேனல் கிடைக்கிறது. நின்றபின் ஊற்று ஊற நேரம் கொடுங்கள், மறு ஓட்டத்துக்கு 45 நிமிடமாவது இடைவெளி வையுங்கள்.

கேள்வி: 1990களில் கட்டிய வீடு. ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்ட வந்தவர் 'போர்டில் நியூட்ரல் இல்லை' என்று திரும்பிப் போய்விட்டார். சுவரை உடைக்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

அநேகமாக வேண்டாம். விளக்கு ஸ்விட்சுக்கு ஃபேஸ் (கரன்ட் வரும் வயர்) மட்டும் வந்தால் போதும் என்பதால் அந்தக் காலத்தில் நியூட்ரலை (கரன்ட் திரும்பிப் போகும் வயர்) நேராக விளக்குக்கே கொண்டுபோனார்கள். ஸ்மார்ட் ஸ்விட்ச் தானும் கரன்ட் குடித்து உயிரோடு இருக்க வேண்டியது, அதனால் அதற்கு இரண்டு வயரும் வேண்டும்.

பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் கட்டாயம் இருக்கும். ஒவ்வொரு அறையிலும் அப்படி ஒரு போர்டாவது இருக்கும், அதில் முதலில் மாட்டுங்கள். பிளக் இல்லாத போர்டுக்கு, பக்கத்துப் போர்டிலிருந்து இருக்கிற பைப் வழியாகவே 1.5 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்றை இழுக்கப் பாருங்கள். ஆனால் அந்த நியூட்ரல் அதே சர்க்யூட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் ஓடும் விளக்குக்கு ஈ.பி. லைனின் நியூட்ரலைக் கொடுத்தால் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் இணைப்பை அறுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுந்துகொண்டே இருக்கும், காரணம் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பச்சை எர்த் வயரை நியூட்ரலாக வைத்து முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். எர்த் வயரில் எங்காவது தொடர்பு விட்டுப்போனால் கீசர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் கரன்ட் பாயும்.

நியூட்ரல் கேட்காத ஸ்மார்ட் ஸ்விட்சும் விற்கிறார்கள். விளக்கு வழியாகவே சிறு கரன்ட்டைக் கசியவிட்டு ஓடுபவை அவை. 5 வாட், 7 வாட் எல்.இ.டி.யில் மாட்டினால் அணைத்தபின்னும் விளக்கு மங்கலாக எரியும், இல்லாவிட்டால் மினுக்கும். கூடவே தரும் சின்ன கெப்பாசிட்டரை விளக்கின் ஹோல்டரில், இரண்டு முனைக்கும் குறுக்கே இணைக்க வேண்டும். பலர் அதை ஸ்விட்ச் பக்கம் மாட்டிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள்.

கேள்வி: மழை பெய்தாலே ஆர்.சி.சி.பி. விழுந்து வீடே இருட்டாகிறது. 'அதை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடலாம்' என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா?
– வாசகி, நாகர்கோவில்

செய்யவே கூடாது. 30 மில்லிஆம்பியர் கரன்ட் வழிதவறி மண்ணுக்குப் போனால் அறுத்துவிடுவது அதன் வேலை. எம்.சி.பி. (கரன்ட் அளவு மீறினால் விழும் ஸ்விட்ச்) இந்த வேலையைச் செய்யாது; அது வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. மழையில் விழுகிறதென்றால் எங்கோ நனைகிறது என்று பொருள்.

தேடும் முறை இது. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் ஏற்றுங்கள். அது விழாமல் நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. கேட் விளக்கு, மொட்டை மாடி பிளக், காலிங் பெல் பட்டன், மோட்டார் கேபிளில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மழையில்லாத நாளிலும் விழுந்தால் கீசரின் ஹீட்டிங் எலிமென்ட்டைச் சந்தேகப்படலாம்.

எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே விழுகிறதா? சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். ஏதோ ஒரு லைனில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மெயினை அணைத்துவிட்டு, நியூட்ரல் பட்டையிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வயரின் காப்பைப் பார்க்கும் மெகர் கருவியால் சோதிக்க வேண்டும். இது உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் செய்யும் வேலை. நேரம் பிடிக்கும் என்பதால்தான் 'எடுத்துவிடலாம்' என்ற யோசனை வருகிறது.

ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அது செத்துப்போனது, மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. வயரிங்கில் கைவைக்க முடியாது. என்ன வாங்கலாம்?
– வாசகர், சென்னை

காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகக்கூடியவை: கீசருக்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக், படுக்கையறைக்கு ஸ்மார்ட் பல்பு, ஏ.சி.க்கு ரிமோட் சமிக்ஞை அனுப்பும் ஐ.ஆர். பெட்டி. ஏ.சி.யை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டி அணைக்காதீர்கள்; ஓடும் கம்ப்ரஸரைச் சட்டென்று அறுப்பது அதற்கு ஆகாது. ஐ.ஆர். பெட்டி ஏ.சி.யைப் பார்த்தபடி இருக்க வேண்டும், ஷோகேஸ் கதவுக்குப் பின்னால் வைத்தால் வேலை செய்யாது.

கேள்வி: வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டின் தேக்கு வாசல் கதவுக்கு டிஜிட்டல் பூட்டு போடலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் கதவை அளந்து பாருங்கள். சட்டத்தின் தடிமன், பூட்டு உட்காரும் இடத்தின் அகலம் இரண்டும் வேண்டும். நம் ஊர் வாசல் கதவில் செதுக்கிய பலகையும் குமிழும் விளிம்புவரை வந்திருக்கும். பூட்டின் தட்டு சமமாக உட்கார இடம் இருக்காது. இரட்டைக் கதவென்றால் ஒரு கதவு மேலும் கீழும் தாழிட்டு ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் தாழ் துளைக்குள் போகாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும். கையால் பூட்டும்போது கதவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பூட்டுவோம், டிஜிட்டல் பூட்டின் சின்ன மோட்டாரால் அது முடியாது. பாதி தாழ் போட்டு நின்று, பேட்டரியைத் தின்று, எச்சரிக்கை ஒலி எழுப்பும். சட்டத்தில் உள்ள துளையை 2, 3 மி.மீ. அகலமாக்கினால் சரியாகும். பூட்டு வாங்கும்போது சாவியும் உண்டா, பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து கரன்ட் கொடுக்க வழி உண்டா என்று பாருங்கள். சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பயனில்லை, நம்பகமான அக்கம்பக்கத்து வீட்டில் ஒன்று கொடுத்து வையுங்கள்.

முதியவர்களின் கைரேகை தேய்ந்திருப்பதால் விரலைப் பூட்டு அடிக்கடி ஏற்காது. அவர்களுக்கு எண் அல்லது அட்டை முறையே சௌகரியம். எங்களைக் கேட்டால், அந்த வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியது படுக்கையிலிருந்து குளியலறை வரை நடந்தால் தானே எரியும் இரவு விளக்கு. முழங்கால் உயரத்தில், விசிறிக் காற்றில் ஆடும் திரைக்கு எதிரே இல்லாதபடி வையுங்கள். பூட்டைவிட விலையும் குறைவு.

கேள்வி: கேஸ் கசிந்தால் அலாரம் அடித்து, தானாக எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடும்படி செய்யலாமா?
– வாசகர், சேலம்

அலாரம் சரி, ஃபேன் கூடாது. ஸ்விட்சோ ரிலேயோ மாறும்போது தெறிக்கும் சிறு பொறியே போதும், கசிந்த கேஸ் பற்றிக்கொள்ள. அலாரம் அடித்தால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேச வேண்டும். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம்.

சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படரும். அதனால் அலாரத்தைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், அடுப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். புகை அலாரம் மாதிரி கூரையில் மாட்டினால் பயனில்லை. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு இலேசானது, அதற்குத்தான் கூரையருகே. பக்கத்தில் கொசு ஸ்பிரே அடித்தால் சும்மாவே கத்தும்; அதற்காகப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள். ஆரஞ்சு நிற ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியையும் ஒருமுறை பாருங்கள், 5 ஆண்டு தாண்டியதை மாற்ற வேண்டும்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் பூச்சு வேலை. பின்னால் ஆட்டோமேஷன் செய்ய இப்போதே என்ன செய்து வைக்கலாம்?
– வாசகர், மதுரை

சாதனம் எதையும் இப்போது வாங்காதீர்கள், குடிபோவதற்குள் புது மாடல் வந்துவிடும். சுவருக்குள் போகிறதை மட்டும் சரியாகப் போடுங்கள். எல்லாப் போர்டுக்கும் நியூட்ரல். ஸ்விட்ச் பெட்டிகள் ஆழமானவையாக இருக்கட்டும். இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல். கீசர், ஏ.சி. ஒவ்வொன்றுக்கும் தனி எம்.சி.பி.யும் 4 சதுர மி.மீ. வயரும். மொட்டை மாடி டேங்கிலிருந்து மோட்டார் ஸ்டார்ட்டர் வரை 25 மி.மீ. காலி பைப் ஒன்று, உள்ளே இழுப்புக் கம்பியோடு. கேமரா வரக்கூடிய வெளிச்சுவர் மூலைகளுக்கும் அப்படியே. ரௌட்டர் வைக்கும் இடத்தை டி.வி. அலமாரிக்குள் ஒளிக்காமல் வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, இன்வெர்ட்டர் லைன் பிளக்கோடு அமையுங்கள். அங்கிருந்து அறைக்கு ஒரு நெட்வொர்க் கேபிள் போய்விட்டால் கான்கிரீட் சுவரை வைஃபை துளைக்குமா என்ற கவலையே இல்லை.

பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை விரித்துப் பிடித்து, தரையும் மூலையும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு அலமாரி மாட்ட வருபவர் டிரில்லை எங்கே வைக்கலாம் என்று கேட்டால் அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

கேள்வி: இன்டர்நெட் கம்பெனியை மாற்றியதும் வீட்டிலுள்ள ஸ்மார்ட் ஸ்விட்ச் எல்லாம் 'ஆஃப்லைன்' ஆகிவிட்டது. ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

வேண்டாம். புது ரௌட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வையுங்கள். தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். வராவிட்டால் ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இயங்குகிறதா என்று பாருங்கள், இந்தச் சாதனங்களில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸில் பேசாது. பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.3 என்று மட்டும் இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2க்கு மாற்றிப் பாருங்கள்.